ஸ்விஃப்ட்டுக்கு அகல டயர் போட்டேன், உரசியது

மருதமலை அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நேரத்தில் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. நேராக்கியதும் நின்றுவிட்டது. அடுத்த வளைவில் மறுபடியும். நடுவில் ஒரு குழியில் இறங்கி ஏறியபோது பின்னாலிருந்து 'டர்ர்ர்' என்று இன்னொரு சத்தம், இது வேறு மாதிரி, தகரத்தில் ரப்பரைத் தேய்த்தது போல. பின்சீட்டில் அம்மா, சித்தி, சித்தி பையன் என்று மூன்று பேர். "என்ன கண்ணு, வண்டிக்குள்ள எலி கிலி பூந்துருச்சா?" என்றார் அம்மா. எலி என்றால் பரவாயில்லை, பொறி வைத்துப் பிடித்துவிடலாம். புது அலாய் சக்கரம், புது டயர், எல்லாம் மாட்டி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

வண்டி 2008 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், 1.3 லிட்டர் எஞ்சின். இரண்டாம் கையாக வாங்கியது. அந்த முதல் தலைமுறை ஸ்விஃப்ட்டின் ஸ்டீயரிங்கும் திரும்புகிற விதமும் பிடித்துப்போய்த்தான் வாங்கினேன், ஆனால் கம்பெனி கொடுத்த 165/80 ஆர்14 டயரில் அது சைக்கிள் சக்கரத்தில் நிற்பது போல நிற்கும். மேல்ரக இசட்எக்ஸ்ஐ-க்கே 185/70 ஆர்14தான். சரி, 15 அங்குல அலாய் போட்டுவிடலாம், கொஞ்சம் தாழ்த்தியும் விடலாம் என்று ஆரம்பித்ததில் வந்த வினை இது. முதலில் 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கு. அப்புறம் 15 அங்குலம், 7 ஜே அகலம் (ரிம்மின் அகலம் 7 அங்குலம்), ஈடி 38 (ஆஃப்செட், அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்) அலாய். அதில் 205/60 ஆர்15 டயர்.

கடையில் கேட்டேன், உரசுமா என்று. "சார், பிசிடி 4x100, உங்க வண்டிக்கு அப்படியே உட்காரும். பார்க்கவே சும்மா கும்முனு இருக்கும்" என்றார்கள். பார்க்க கும்மென்றுதான் இருந்தது. பிசிடி என்பது நான்கு போல்ட் ஓட்டைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். அது பொருந்தினால் சக்கரத்தை வண்டியில் மாட்ட முடியும், அவ்வளவுதான். மாட்டிய சக்கரம் சுற்றுமா, திரும்புமா, மேலே ஏறி இறங்குமா என்பதற்கும் பிசிடிக்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கடைக்காரரிடம் கேட்ட நான்தான் முட்டாள், டயர் விற்பவரிடம் டயர் வேண்டுமா என்று கேட்பது போல.

நிற்கிற வண்டியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன், எங்கும் முட்டவில்லை. ஆனால் சக்கரம் ஒரே இடத்தில் இருக்கிற பொருள் இல்லையே. முன்சக்கரம் திரும்பும்போது டயரின் முன் ஓரமும் பின் ஓரமும் வேறு வேறு இடத்துக்குப் போகின்றன. ஆள் ஏறினால் பின்சக்கரம் அதை மூடியிருக்கும் ஃபெண்டர் தகட்டுக்குள் ஏறுகிறது. வளைவில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவரே கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. இது மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் மலைப்பாதை வளைவு. அதனால்தான் ஊருக்குள் ஒன்பது நாள் தனியாக ஓட்டியபோது வாயைத் திறக்காத வண்டி மருதமலையில் முருகன் சன்னதிக்குப் போகும் வழியில் உண்மையைச் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் நான் வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கணக்கு ரொம்பச் சின்னது.

முதலில் உயரம். 165/80 ஆர்14 என்றால் அகலம் 165, அதில் 80 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 14 அங்குலம், 355.6 மி.மீ. மொத்தம் 619.6. நான் போட்ட 205/60 ஆர்15-ல் பக்கச்சுவர் 123, இரண்டு பக்கமும் 246, ரிம் 381, மொத்தம் 627. விட்டத்தில் ஏழரை மி.மீ.தான் வித்தியாசம். ஆரத்தில் நாலு மி.மீ.கூட இல்லை. இணையத்தில் கிடைக்கும் டயர் கால்குலேட்டர்கள் எல்லாம் இதை மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை டிக் போட்டுவிடும். எனக்கும் போட்டது.

சிக்கல் அகலத்திலும் ஆஃப்செட்டிலும். ஆஃப்செட் என்றால், ரிம்மின் நட்டநடுவில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் (வண்டியில் சக்கரத்தை மாட்டும் இடம்) போய் உட்காரும் முகம் எவ்வளவு வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பது. ஈடி 45 என்றால் 45 மி.மீ. இந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும், கூடக் கூட உள்ளே போகும். என் பழைய இரும்பு ரிம் 5 ஜே, ஈடி 45. ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: டயரில் எழுதியிருக்கும் அகலம் ஒரு குறிப்பிட்ட அகல ரிம்மில் மாட்டி அளந்தது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். அந்தக் கணக்கில் பழைய டயர் 5 ஜே ரிம்மில் 170, புது டயர் 7 ஜே ரிம்மில் 215.

பாதி பாதியாகப் பிரித்தால், பழையதில் ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் 85-உம் 45-உம் சேர்த்து 130, வெளிப்பக்கம் 85-இல் 45 போக 40. புதியதில் உள்பக்கம் 107.5-உம் 38-உம் சேர்த்து 145.5, வெளிப்பக்கம் 107.5-இல் 38 போக 69.5. ஆக டயர் உள்ளே 15 மி.மீ. சொச்சம் போயிருக்கிறது, வெளியே கிட்டத்தட்ட 30 மி.மீ. வந்திருக்கிறது. உயரத்தில் நாலு மி.மீ.க்குக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவன் பக்கவாட்டில் மூன்று சென்டிமீட்டரைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

அடுத்தது, எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பது. வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, உரசும்போது நீங்கள் உள்ளே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். என் மெக்கானிக் அண்ணன் சொன்ன யோசனை: வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. பாட்டியின் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஃபெண்டர் விளிம்பின் உள்பக்கம், முன் ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையான லைனர், பம்பர் ஓரம் என்று எல்லா இடத்திலும் பெயின்ட் பிரஷ்ஷால் தடவிவிட்டேன். கையில் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு எரியும். காய்ந்ததும் நண்பர்கள் மூன்று பேரைப் பின்னால் உட்கார வைத்து, காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து எட்டுப் போட்டு, இரண்டு வேகத்தடை ஏறி இறங்கி வந்து பார்த்தால் வரைபடம் போலத் தெரிந்துவிட்டது. உரசிய இடத்தில் மட்டும் சுண்ணாம்பு போய்க் கறுப்பாக ரப்பர் தடம்.

உள்பக்கம், அதாவது டயருக்கும் முன் ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த குழாய்) நடுவில், சுண்ணாம்பு வேலை செய்யாது, ஏனென்றால் அங்கே உரசவில்லை, ஆனால் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று தெரிய வேண்டும். அதற்குச் சப்பாத்தி மாவு. ஒரு உருண்டையை ஸ்ட்ரட் குழாயில் டயர் வரும் உயரத்தில் ஒட்டி, டயர் பக்கம் எண்ணெய் தடவி, சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கிவிட்டுத் திரும்பக் கழற்றினால் மாவு நசுங்கியிருக்கும். அதைக் கத்தியால் குறுக்கே வெட்டி ஸ்கேல் வைத்து அளந்தேன். 6 மி.மீ. இது போதும். பல பேர் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்ட்ரட் சக்கரத்தோடு சேர்ந்தே திரும்புகிறது, சேர்ந்தே ஏறி இறங்குகிறது, அதனால் அந்த இடைவெளி பெரிதாக மாறாது, ஐந்து மி.மீ. இருந்தாலும் ஓடும். ஃபெண்டரும் லைனரும் பாடியோடு நிற்பவை, சக்கரம் அவற்றை நோக்கி வந்து போகும். அங்கே இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் ஆள் ஏறினால் காணாமல் போய்விடும்.

சுண்ணாம்பு காட்டியது இதுதான். முன்னால், முழுக்க ஒடித்தால் லைனரின் முன் கீழ் மூலையில் உரசல், இரண்டு பக்கமும். பின்னால், ஃபெண்டர் விளிம்பின் உச்சியில் ஒரு சாண் நீளத்துக்குத் தடம். அதோடு நான் எதிர்பார்க்காத ஒன்று. பின் பம்பர் ஃபெண்டரோடு சேரும் முனையில் ஒரு ஸ்க்ரூ, அதன் தலை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது பின் டயரைக் கழற்றிப் பார்த்தால் பக்கச்சுவருக்குச் சற்று மேலே, டயர் தோளில், சுற்றிலும் ஒரே கோடாகக் கீறல். ஆழம் ஒரு மி.மீ. இருக்கும். கத்தியால் பென்சில் சீவுவது போல அந்த ஸ்க்ரூ ஒவ்வொரு குழியிலும் டயரைச் சீவிக்கொண்டிருந்திருக்கிறது. கரகரப்பை மட்டும் பிடித்துக்கொண்டு லைனரை வெட்டிவிட்டுப் போயிருந்தால், பைபாஸில் நூறில் போகும்போது அந்த டயர் பக்கவாட்டில் கிழிந்திருக்கும். இப்போதும் நினைத்தால் வயிற்றில் என்னவோ செய்கிறது. அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, தட்டைத் தலை உள்ள சின்ன கிளிப் போட்டேன். செலவு பத்து ரூபாய்கூட இல்லை. நீங்கள் எந்த வண்டிக்கு அகல டயர் போட்டாலும் முதலில் பம்பர் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

லைனர் எளிது. ஹீட் கன்னால் சூடு காட்டி, பிளாஸ்டிக் இளகியதும் மரக்கட்டையால் முன்பக்கம் அழுத்திப் பிடித்து ஆற விட்டால் அப்படியே நின்றுகொள்ளும். வெட்ட வேண்டாம், வெட்டினால் சேறும் தண்ணீரும் ஹாரன், ஹெட்லைட் கனெக்டர் எல்லாவற்றிலும் போகும்.

பின் ஃபெண்டர்தான் பாடாய்ப் படுத்தியது. இங்கே நான் செய்த தவறுகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு பட்டறையில் ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு, போடலாம் என்றார்கள். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளும். ஏற்கெனவே வெளியே வந்ததால்தான் உரசுகிறது, அதை இன்னும் வெளியே தள்ளினால் எப்படி? உள்ளே ஸ்ட்ரட்டில் முட்டினால்தான் ஸ்பேசர் பற்றி யோசிக்கவே வேண்டும். அப்போதும் நட்டு ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பி) எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். மாருதி ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ., ஸ்டட் தடிமன் அளவுக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு, அதாவது பத்துச் சுற்றாவது. ஸ்பேசர் போட்டு ஆறு சுற்றில் நிற்கும் நட்டை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

இன்னொருவர் கேம்பர் கூட்டு என்றார், சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்தால் விளிம்புக்கு இடம் கிடைக்கும். கணக்கு சரிதான், ஒரு டிகிரி சாய்த்தால் டயர் உச்சி ஏறக்குறைய 5 மி.மீ. உள்ளே போகும். ஆனால் ஸ்விஃப்ட்டில் பின்னால் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே இரும்பு, திருகிச் சாய்க்க அதில் ஒன்றும் இல்லை. முன்னால் ஸ்ட்ரட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டைக் கேம்பர் போல்ட்டாக மாற்றிச் சாய்க்கலாம், அப்படிச் சாய்த்தால் டயரின் மேல்பாகம் ஸ்ட்ரட்டை நோக்கிப் போகும், நான் சப்பாத்தி மாவில் அளந்த அந்த 6 மி.மீ. கரையும். தலைக்கு இழுத்தால் காலுக்கு இல்லை, காலுக்கு இழுத்தால் தலைக்கு இல்லை. அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் விளிம்பை மடிப்பதுதான் வழி. பின் ஃபெண்டர் விளிம்பு உள்பக்கமாக எல் போல மடங்கி நிற்கும், அதை மேலே மடித்துவிட்டால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும். இதற்கென்று ஹப்பில் மாட்டும் ரோலர் கருவி உண்டு. டிங்கர் அண்ணனிடம் அது இல்லை, சுத்தியலும் டாலியும் (தகட்டுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டை)தான். "பெயின்ட் வெடிக்காம பண்ணிரலாமாண்ணா?" என்றேன். "சூடு காட்டிப் பண்ணுனா வெடிக்காது தம்பி, அவசரப்பட்டாத்தான் வெடிக்கும்" என்றார். ஹீட் கன்னால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே இடத்தில் அடிக்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூன்று நான்கு தடவை போய்ப் போய் வந்து, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். வெளிப் பெயின்ட் தப்பியது. உள்ளே இரண்டு தகடுகளும் சேரும் இடத்தில் இருந்த சீலன்ட் விரிசல் விட்டது, விடத்தான் செய்யும். அங்கே புது சீலன்ட் வைத்து ப்ரைமர் அடிக்காவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் துரு உள்ளிருந்து வெளியே வரும், அப்போது விளிம்பு உரசுகிறதா என்று கேட்க விளிம்பே இருக்காது.

மடித்த பிறகு சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் பீம் தொங்கும், ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கைத் திரும்பப் பூட்டி, சக்கரத்தை மாட்டி, பீமுக்கு அடியில் ஜாக் வைத்து, இதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் முட்டும்வரை ஏற்றினோம். பாடி ஸ்டாண்டிலிருந்து லேசாக எழும்புவது போலத் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். நாலு பேர் ஏறி, குழியில் விழுந்து, சக்கரம் எவ்வளவு மேலே போகுமோ அந்த இடம் அப்படியே கண் முன்னால் நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். விளிம்புக்கும் டயருக்கும் நடுவில் ஒரு தபால் அட்டை நுழையவில்லை.

அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடி, ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "டயரை மாத்துங்க தம்பி. தகரத்தை எத்தனை அடிச்சாலும் ரப்பர் அங்கதானே இருக்கு."

சரி என்று 195/60 ஆர்15-க்கு வந்தேன். விட்டம் 615, கம்பெனி டயரைவிட நாலரை மி.மீ. குறைவு. அதே ரிம்மில் அகலம் 205. முந்தைய டயரோடு ஒப்பிட்டால் பக்கத்துக்கு 5 மி.மீ., மேலே 6 மி.மீ. கிடைத்தது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் தபால் அட்டை நுழையாத இடத்தில் இப்போது சுண்டு விரல் போகிறது. எடை தாங்கும் குறியீடு 88, பழைய டயருக்கு 85, அதிலும் குறைவில்லை. பின்னால் மட்டும் பழைய கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டேன். வண்டி காலியாக நின்றால் பின்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும், அப்பா அதைப் பார்த்து "வெட்டுக்கிளி மாதிரி இருக்குடா" என்றார். மூன்று பேர் ஏறினால் மட்டமாகிவிடும். எங்கள் வீட்டில் பின்சீட்டு காலியாக இருக்கும் நாட்கள் குறைவு.

ஓரளவு ஓடிய 205 டயர் நான்கையும் பாதி விலைக்குக்கூட யாரும் எடுக்கவில்லை, கீறல் விழுந்ததை நான் விற்கவும் இல்லை. நஷ்டம் எவ்வளவு என்று வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

இதற்கிடையில் எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்ஸ் பார்த்தோம், சரி. காரணம், ஸ்விஃப்ட் ஹப்பின் நடு மூக்கு 54.1 மி.மீ., அலாயின் நடு ஓட்டை 73.1. எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். நடுவில் வளையம் வைக்காவிட்டால் சக்கரம் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும், அரை மி.மீ. தள்ளி இறுகினாலும் நடுங்கும். அளவுக்கு ஏற்ற ஹப் ரிங் நான்கு வாங்கிப் போட்டதும் நடுக்கம் நின்றது. இதையும் கடையில் யாரும் சொல்லவில்லை.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. டயர் அளவு மாற்றம் அதில் எங்கே நிற்கிறது என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஃபெண்டருக்கு வெளியே சக்கரம் நீட்டிக்கொண்டு நின்றால் எந்தச் சோதனையிலும் கண்ணில் படும். இன்சூரன்ஸ்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

இன்னும் ஒன்று பாக்கி. ஸ்டெப்னி பழைய 165/80 ஆர்14 இரும்பு ரிம்தான், டிக்கிப் பள்ளத்தில் 7 ஜே அலாய் உட்காராது. விட்டம் 619.6-உம் 615-உம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பஞ்சர் கடைவரை போவதில் பிரச்சினை இல்லை. ஆனால் அலாய்க்கு நான் வாங்கிய நட்டு இந்த இரும்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லை, ஒருமுறை பல்லடம் ரோட்டில் இருட்டில் மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து கம்பெனி நட்டு நான்கையும் ஒரு பழைய சாக்ஸில் போட்டு, ஸ்டெப்னியின் நடு ஓட்டையிலேயே செருகி வைத்திருக்கிறேன்.